பதினேழாம் பதிவு

பீல் நகரில், முன்பு கடிகாரம் செய்த கட்டடத்தின்
மூன்றாம் மாடியில்
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன அறை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து
கையில் குளோரின் மணத்தோடு போய் இருந்தேன்.
மணிக்கு முப்பது பிராங்க்.
ரெகுலா ஒலிவாங்கியை என் வாயளவுக்கு இறக்கினாள்.

"சமையலறையில் வைக்கிற பெட்டி.
விளக்கு அணைக்கும், பால் முடிந்தால் சொல்லும்.
எல்லாக் கம்பனியும் பெண்குரல்தான் வைக்கிறார்கள்.
கேட்டால், அதுதான் இதமாம்.
நான் அதே இதத்தில் வேறொன்று வைக்கப்போகிறேன்."

வாசிக்கத் தந்த தாளில் ஒரே ஒரு சொல்.
முடியாது.

லேசு என்றுதான் நினைத்தேன்.
முதல்தரம் சிரிப்போடு வந்தது.
இரண்டாம் தரம் கேள்வியாய் வந்தது.
நாலாம் தரம் அதற்கு வால் முளைத்தது:
முடியாது, குறை நினைக்காதேங்கோ.
ஏழில், முடியாது, நாளைக்குச் செய்யட்டே?
"வாலை வெட்டு" என்றாள் ரெகுலா.
தமிழ் தெரியாதவள்.
திரையில் ஓடுகிற அலையைப் பார்த்தே பிடித்துவிடுகிறாள்
சொல் முடிந்த பிறகும் குனிந்துகொண்டே போகிற குரலை.

இருபத்தாறு வருடம் இந்த நாட்டில்
ஓம் என்று எத்தனை விதமாய்ச் சொல்லியிருப்பேன்.
மேற்பார்வைக்காரிக்கு ஓம்.
வீட்டுக்காரருக்கு ஓம்.
பள்ளிக்கூடக் கடிதத்துக்கு, டொச் விளங்காமலே, ஓம்.
கோயிலில் சொன்ன ஓமை விட
இதுதான் கூட.

இடையில் கோப்பி குடிக்கையில் கேட்டாள்:
தமிழில் இந்தப் பெட்டி அவனா, அவளா, அதுவா?
அது, என்றேன். உயிரில்லாதது எல்லாம் அது.
பிறகு யோசித்துச் சொன்னேன்,
எங்கட பக்கம் பெண்பிள்ளையையும் அது என்போம்.
அது வந்திட்டுது. அது சமைச்சிட்டுது.
செல்லத்துக்கும் அப்படித்தான்,
செல்லம் இல்லாதபோதும் அப்படித்தான்.
அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடினாள்.
"நான் என்று சொன்னால்?"
நானுக்கு ஒன்றும் இல்லை. நான் வந்தேன்.
ஆம்பிளையும் அப்படியே சொல்லலாம், பெட்டியும் சொல்லலாம்.

பதினேழாம் தரம்
பாலத்தில் ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து
சொன்னேன்.
சலவை மெஷினின் கதவு
தானாகப் பூட்டிக்கொள்கிற சத்தம் அது.

திறப்பு விழாவுக்கு இவர் வந்தார்,
கலியாணவீட்டுக் கோட்டோடு.
எந்தப் பாஷையில் கேட்டாலும் அந்தப் பெட்டிக்கு ஒரே பதில்.
முன்னால் நின்று பகிடியாய்ச் சொன்னார்:
ஒரு தேத்தண்ணி போடு.
முடியாது என்றேன் நான், பெட்டிக்குள் இருந்து.
வைன் கிளாசைப் பிடித்தபடியே சனம் கைதட்டியது.
இவர் பெட்டியைப் பார்க்கவில்லை.
திரும்பி என்னைப் பார்த்தார்.
என் வாய் நிறைய அப்போது
ஆரஞ்சு ஜூஸ்.

சுவரில் ரெகுலா எஷ்லிமான் என்று முழ உயர எழுத்து.
கீழே, குனிந்து தேடினால்,
குரல்: ஒரு துப்புரவுப் பணியாளர்.
நான் துப்புரவு இல்லை.
சலவை.

ஒரு கிழமை கழித்துத் தாள்கள் கொண்டுவந்தாள்.
பெட்டி பெர்லினுக்குப் போகிறதாம், பிறகு லியோனுக்கு.
என் குரலைக் காலவரை இல்லாமல் அவள் வைத்திருக்கலாம் என்று
நாலாம் பக்கத்தில் ஒரு வரி.
"இதில் ஒரு கையெழுத்து, தவா."
விலையான பேனா. பாரமாய் இருந்தது.

சிரிப்பில்லாமல், வாலில்லாமல்
சொன்னேன்.

அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான்,
அதை எழுதத்தான் வேண்டும்.
மற்றதெல்லாம் பிறகு.
கதிரையை இழுத்து எதிரே இருந்தாள்.
"முழுப்பெயரைச் சொல்லு, சுவரில் போடுகிறேன்."
தவமலர்.
"டீயா? டீயும் ஹாவுமா?"

அது கிடக்கட்டும்.
முதலில்
நாலாம் பக்கத்துக்கு வா, என்றேன்.