அல்சூரிலிருந்து, சுகிர்தாவுக்கு

அடுத்த மாதம் புது பூட்ஸ் தருவார்களாம்.
போட்டதும் ஓடாதே.
ஈரச் சாக்ஸோடு பாரக்குக்குள் நட,
தோல் உன் காலைப் படித்து முடிக்கும்வரை.

இருபது கிலோ மூட்டையில்
நாப்கினை அடியில் ஒளிக்காதே.
மேலே வை, தோட்டாப் பைக்குப் பக்கத்தில்.
பதினாறாவது கிலோமீட்டரில்
வெட்கப்பட்டுத் தோண்ட நேரமிருக்காது.

“பொம்பளைக்கு இது ஆகுமா” என்றவனுக்குப்
பதில் சொல்லி மூச்சைச் செலவழிக்காதே.
மேட்டில் அவனும் வாய்பிளப்பான். தண்ணீர் கொடு.
சொல்லிக்காட்டாதே.
ஒரே ஒருமுறை வேண்டுமானால் காட்டிக்கொள்.

அட்டை மனிதனின் மார்பில்
ஐந்து ஓட்டை போட்ட அன்றைக்கு
மெஸ்ஸில் அவ்வளவு சிரித்தோமே,
நீ மட்டும் ரொட்டியைத் தொடவில்லை.
நான் பார்த்தேன்.
அந்தப் பசியின்மையைச் சரிசெய்துகொள்ளாதே.

இனி, சொல்ல வந்தது.
முழங்காலுக்குக் கீழே எலும்பில்
விரல்நுனி அளவு ஓரிடம் வலித்தால்
வாயைத் திற.
நான் பதினோரு நாள் திறக்கவில்லை.
ஒருத்தி நொண்டினால்
பெண்ணே நொண்டி என்பார்களே என்று
முப்பது பேர் மானத்தையும்
விரிசல் விட்ட காலில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
எலும்புக்கு மானம் தெரியாது, சுகிர்தா.

விடியலில்
ஏரிக்கு அந்தப் பக்கம் விசில் கேட்கிறது.
போர்வைக்குள் கட்டுப்போட்ட கால்
இடது, வலது, இடது என்று
தானாக எண்ணிக்கொள்கிறது.
அம்மாவுக்குத் தெரியாது.

என் பூட்ஸ் உன் கட்டிலடியில்தான் இருக்கிறது.
அரை சைஸ் பெரிசு.
ரெண்டு சாக்ஸ் போட்டுக்கொள்.