முதல் கண்ணியில் இரண்டு

அக்கினி நட்சத்திரம் ஏழாம் நாள்
ரத வீதிக் கடையில் உல்லன் நூல் கேட்டேன்.
விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.
"யாருக்குண்ணே, ஊட்டிக்கா?"
ஹைகிரவுண்டுக்கு என்றேன்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
மாம்பழ நிறத்தில் நாலு உருண்டை,
கொசுறாகப் பச்சையில் ஒரு சிறிசு.

வெளியே தார் உருகுகிறது,
டயாலிசிஸ் வார்டில் உலகம்மாள் நடுங்குகிறாள்.
குழாயில் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தம்
கொஞ்சம் ஆறித்தான் திரும்புமாம்.
போர்வை போட்டால் சிஸ்டர் விலக்கிவிடுவார்:
இடது கை எப்போதும் கண்ணில் படணும்.
அதனால்தான் முக்கோணம்.
தோளைச் சுற்றி வலப்பக்கம் இழுத்துவிட்டால்
அந்தக் கை தன்பாட்டுக்குக் கிடக்கும்.
நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம்
தொட்டால் உறுமும், நல்ல பேரிங் ஓடுகிற மாதிரி.
ராத்திரி அவள் தூங்கிய பின்
தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

ஊசியை நானே கடைந்தேன்,
பேட்டைப் பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில்,
ஐந்து மில்லி அலுமினியக் கம்பியில்.
முதல் ஊசியின் வாய் நூலைப் பிய்த்தது.
அடுத்ததை எமரித் தாளில் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
விரலுக்குத் தெரியாத பிசிறு நாக்குக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரி வாசலில் பையைத் துழாவிய காவலர்
"என்னவே இது, ஆயுதமா?" என்றார்.
நூலைக் காட்டினேன்.
அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை:
"எம்புட்டு ஆச்சு வே?"

நாலு சங்கிலி போடு.
முதல் சங்கிலிக்குள்ளேயே திரும்பக் குத்து, மூன்று தூண்.
திருப்பு.
முதல் கண்ணியில் இரண்டு, கடைசிக் கண்ணியில் இரண்டு,
நடுவில் ஒன்றுக்கு ஒன்று.
மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது.
வேறு வித்தை இல்லை இதில்.
இதற்குள் என் விரல்கள் பட்ட பாடு
ஆறடி ஷாப்டைக் கடையும்போதும் பட்டதில்லை.
இறுக்கிப் போட்டேன், ஊசி நுழையவில்லை.
தளர்த்திப் போட்டேன், உலகம்மாள் பார்த்துவிட்டு
"அயிரை பிடிக்கப் போறியளா?" என்றாள்.

பதினெட்டாம் வரிசையில் முப்பத்தேழு இருக்கணும்.
எண்ணினேன், முப்பத்தாறு.
பெஞ்சில் நகர்ந்து வெளிச்சத்தில் எண்ணினேன்,
முப்பத்தாறு.
வரிசை வரிசையாகக் கீழே இறங்கினால்
பதினாலாவதில் விழுந்திருக்கிறது ஓட்டை.
அந்த வெள்ளிக்கிழமை மூன்றாம் மணி நேரத்தில்
பிரஷர் இறங்கி என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.
அவள் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
திரும்பி வந்து ஊசியை எடுத்தபோது
கடைசிக் கண்ணியில் ஒன்று போட்டேனா, இரண்டா,
யாருக்கு ஞாபகம்.

பிரித்தேன்.
இருபத்தாறு வருஷமாக இரும்பு சீவுகிறேன்,
ஒரு நூல் கூடச் சீவிவிட்டால்
அந்தத் துண்டு குப்பைக்குத்தான், சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இதுவோ இழுக்க இழுக்க வந்தது,
ஐந்து வரிசையும் மடியில் சுருள் சுருளாக,
ஒரு முழம் சேதமில்லாமல்.
சும்மாவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாலாம் வரிசையை மட்டும்
கொசுறுப் பச்சையில் போட்டேன்.
ஏனென்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நேற்று முப்பத்தொன்று.
ஊசியை உருவி, கடைசிக் கண்ணியில் ஊக்கு மாட்டி
அளவு பார்க்கப் போர்த்திவிட்டேன்.
முனை தொப்புளுக்கு எட்டியது.
"எந்த வரிசையில் நிறுத்தினாலும் முக்கோணம்தான்,
அதுதான் இதில் வசதி" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது
நான் சொன்னது என்னவென்று.
மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வலது கையால் முனையைப் பிடித்து
கீழே இழுத்துப் பார்த்தாள்.
"முழங்காலைத் தொடணும்.
இன்னும் எத்தனை உருண்டை ஆகும்?"
மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறாவது வேணும்.
"அப்போ போறப்பவே டவுண்ல வாங்கிருங்க.
பச்சை வேண்டாம்."