பின்படிக்கட்டு

சத்தியசீலன் கேட்டது கண்ணாடி.
சுவரெல்லாம் கண்ணாடி, நடுவில் ஒரு வெள்ளி மயில்,
பின்படிக்கட்டை அடைத்து ஒரு சரக்கறை.
"யாருங்க அந்தப் பக்கம் போறாங்க?"
நியாயமான கேள்வி.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடை வைத்த
பதினோரு வருஷத்தில் யாரும் போனதில்லை.
ஒரு பூனை போகும்.

நான் திறந்த விதிப்பக்கத்தில் மனிதர் இல்லை,
மில்லிமீட்டர்தான்.
ஆனாலும் தோள் இல்லாமல்
நடைவழிக்கு அகலம் எப்படி வந்திருக்கும்?
எங்கோ ஒரு முழங்கால் வலித்த பிறகுதானே
படியின் உயரத்துக்கு எல்லை போட்டிருப்பார்கள்.
'கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்'
என்ற வரிக்குப் பின்னால்
உள்பக்கம் இழுக்க இடமில்லாமல்
நெருக்கி நின்ற ஒரு கூட்டம்.
அவர்கள் பெயர் அச்சாகவில்லை.

இதெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"லைசென்ஸ் கிடைக்காதுங்க" என்றேன்.
உடனே புரிந்தது.

மறுநாள் கடையில் உட்கார்ந்து
கால்களை மட்டும் பார்த்தேன்.
வாங்குகிறவர் குனிய வேண்டும்,
விற்கிறவர் அதைவிட.
ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த நிறைமாதக்காரி
குனிய மாட்டாமல்
கொலுசைக் கையில் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள்.
அன்று ராத்திரி ஒரு கால்முக்காலி வரைந்தேன்,
ஒன்பது அங்குலம். எந்த விதியிலும் தேடவில்லை.
கவுன்ட்டர் தெய்வானை அதில் மூன்று தரம் கால் வைத்து
"இன்னும் ரெண்டு வெரக்கடை ஏத்துங்கக்கா" என்றாள்.
பத்தரை ஆனது.

பின்படிக்கட்டில் கடைசிப் படி மட்டும்
ஒரு அங்குலம் உயரம்.
"இதுக்கா இடிக்கிறது?" என்றார் கொத்தனார் பொன்னுவேல்.
மூன்று படி ஏறினால் போதும்,
நாலாவதைக் கால் மனப்பாடம் செய்துவிடும்.
அதை ஏமாற்றக் கூடாது.
இடித்தோம்.

திறப்பு விழா முடிந்து, ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில்
எட்டிப் பார்க்கப் போனேன்.
மயில் ஜொலித்தது.
பின்படிக்கட்டின் திருப்பத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகள்.
"தற்காலிகம்தாங்க" என்றார் சத்தியசீலன்.

வாய்ச்சண்டைக்குத் தெம்பில்லை.
நானே ஒன்றைத் தூக்கினேன்,
மூக்குவரை பெட்டி.
பூனை ஒதுங்கி வழிவிட்டது.
இறங்கும்போது என் பாதம் எனக்குத் தெரியவில்லை.
படிகளை
அது பார்த்துக்கொண்டது.