ஜெர்பில் வாசனை

நாற்பத்தொன்றாம் நாளும்
அடோபோ சாப்பிடவில்லை.
மாலை போட்டவர்களே இன்றோடு விரதம் முடித்துவிடுவார்கள்.

மணிலாக்காரி மரிவிக் வைத்த பெயர் அது.
கனடா விசா அவளுக்கு மட்டும்தான் வந்தது.
கண்ணாடித் தொட்டி, வெப்பத் தகடு,
ஃப்ரீசரில் பதினொரு வெள்ளைச் சுண்டெலி,
இரண்டு மாத வாடகைப் பாக்கி
எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டு
விமான நிலையத்தில் அழுதாள், பாம்புக்காக.

பால் பைத்தான் என்று அம்மாவிடம் சொன்னது என் பிழை.
"பாம்புக்குப் பால் வார்க்கவா பஹ்ரைன் போனே?"
பால்னா பந்தும்மா, பயந்தா பந்தாச் சுருண்டுக்கும் என்றேன்.
"பயப்படுற பாம்பா!"
போனை வைத்துவிட்டாள்.

குதைபியாவில் ஒற்றை அறை.
எலி வளையானாலும் தனி வளை என்று
பிடிவாதமாய் எடுத்தது.
ஃப்ரீசரில் மேல்தட்டு எலிக்கு, கீழ்த்தட்டு நெய்மீனுக்கு.
நடுவில் ஒரு பழைய துண்டு.

நான் பல் கட்டுகிறவள்.
அத்லியாவில் ஜன்னல் இல்லாத ஒரு லேபில்
யார் யாருக்கோ கடைவாய்ப் பல் செய்கிறேன்.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
நாக்கு கண்டுபிடித்துவிடும்.
அந்தக் காலிப்பரை வீட்டுக்கு எடுத்துவந்து
அடோபோவின் நடுவுடம்பை அளந்தேன்:
முப்பத்தெட்டு.
இரையும் அந்தப் பருமன் இருக்கலாம், மிஞ்சக் கூடாது.
சுண்டெலி இருபத்தைந்துதான். தேறாது.

வெள்ளிக்கிழமை, ஈசா டவுன் சந்தை.
நிழலிலேயே நாற்பத்து மூன்று டிகிரி.
கிளிகளுக்கும் பழைய டிவிகளுக்கும் நடுவே மொக்லேஸ்,
சிட்டகாங் ஆள்,
இந்தியில் ஆரம்பித்து அரபியில் விலை முடிப்பவன்.

உறைந்த சுண்டெலி அறுநூறு ஃபில்ஸ்.
உறைந்த எலிக்குட்டி ஒரு தினார்.
உயிரோடு என்றால் ஒன்றே கால்.
"உயிருள்ளதைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதே.
பசிக்காத பாம்பை எலி கடிக்கும்.
போன மாதம் ஒருத்தன் கண் போன பாம்போடு வந்தான்."

படை நடுங்குமாம்.
எலிக்கு அதெல்லாம் தெரியாது போல.

கடைசிக் கூண்டில் ஜெர்பில்.
மணல் நிறம், வால்நுனியில் கறுப்புக் குஞ்சம்,
டோக்கன் எண் கூப்பிட்டதும் எழுகிற நோயாளி மாதிரி
பின்காலில் நிமிர்ந்து என்னைப் பார்த்தது.
மூன்று தினார்.
"இதைத் தின்னாத பைத்தானை நான் பார்த்ததில்லை" என்றான்.
"ஆனால் ஒருதடவை ருசி கண்டால்
மற்ற எதையும் திரும்பிப் பார்க்காது.
வாராவாரம் மூன்று தினார். யோசித்துக்கொள்."

யோசித்தேன்.
கணக்கை மட்டும்தான் என்று சொல்ல ஆசை.
அது இரண்டு கையாலும் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

ஒரு எலிக்குட்டி போதும் என்றேன், உறைந்தது.
அப்புறம், அந்தக் கூண்டுக்கு அடியில் கிடக்கிற மரத்தூள்
ஒரு பிடி கிடைக்குமா?
மொக்லேஸ் சிரித்தான்.
மேல்வரிசை இடப்பக்கம் இரண்டு இல்லை அவனுக்கு.
தூளுக்குக் காசு வாங்கவில்லை.

இரவு.
வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து,
என் ஹேர் டிரையரில் எலிக்குட்டியை உலர்த்தி,
ஜெர்பில் மூத்திரம் காய்ந்த அந்தத் தூளை
விலா, வயிறு, மீசைவரை தேய்த்தேன்,
பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றும் பொறுமையோடு.
நிஜப் பல்லின் பக்கத்தில் வைத்தால்
தெரியக் கூடாது.

இடுக்கியால் பிடித்து நீட்டினேன்.
நாக்கு வந்தது. போனது.
வந்தது.
என் தொழிலில் ஏமாற்றவே முடியாதது அது ஒன்றுதான்.

ஏசி நின்று, மறுபடி ஓடியது.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை.
அந்த வேகம் என் கண்ணுக்கு இல்லை.
பார்த்தபோது மூன்று சுற்று சுற்றியிருந்தது,
ஏற்கெனவே செத்ததை
இன்னொருமுறை கொன்றுகொண்டு.

மரிவிக்குக்கு அனுப்பினேன்: சாப்பிட்டுவிட்டது.
என்ன கொடுத்தாய்? என்றாள்.
எலி என்று அடித்தேன். அழித்தேன்.
ஜெர்பில் என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.

தொட்டிக்குள் வால் மட்டும்
இன்னும் கொஞ்சம் பாக்கி.

மீதித் தூளை இரண்டு பையில் இறுக்கிக் கட்டி
நெய்மீனுக்கு எட்டாமல்
மேல்தட்டில் வைத்தேன்.