மூன்றாம் எண் கூண்டு

திங்கள், புதன், சனி
விசைப்படகு கடலுக்குப் போகும் நாள்.
கபிரியேலுக்கு இப்போது எல்லா நாளும் சனி.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
டோக்கன் எங்கே என்கிறார்.

படகை விற்று ஒன்பது வருஷம் என்று சொன்னேன்.
ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக விற்றேன்.
ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக அழுதார்.
கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி
வாசலுக்குக் குறுக்கே படுத்தேன்.
"யாருடி நீ, என் வீட்டுல?"
முடியைப் பிடித்த அந்தக் கையில்
கோவிலில் வைத்து நான் போட்ட மோதிரம்.

மருந்துக்கடைத் தூக்க மாத்திரை
அவரைத் தூங்க வைக்கவில்லை, விழ வைத்தது.
நெற்றியில் ஆறு தையல்.
"அப்பா என்கிட்ட நல்லாத்தானேம்மா பேசுறாரு"
என்றான் குவைத்திலிருந்து சிலுவைதாசன்.
நாலு நிமிஷம் நல்லாத்தான் பேசுவார்.

இரண்டாவது வியாழன்.
தங்கச்சிமடத்தில் ஏறிய பஸ் பாலத்துக்கு வந்ததும்
எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு
கீழே நின்ற படகுகளை எண்ணினார்.
கண்டக்டர் உட்காரச் சொல்லவில்லை.
அவனுக்கும் பாம்பன்தான்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, பதினோராம் அறை.
டாக்டர் மெஹருன்னிசா கடிகாரம் வரையச் சொன்னார்.
வட்டம் சரியாக விழுந்தது.
உள்ளே எண்கள் இல்லை. மேலிருந்து சுற்றி
வாடை, கொண்டல், சோளகம், கச்சான்
என்று காற்றை எழுதிக் கொடுத்தார்.
டாக்டர் அதை மடித்துக் கோப்பில் வைத்தார்.
தப்பு என்று சொல்லவில்லை.

ரத்தம், தைராய்டு, ஸ்கேன், காது.
ஏழு மாத்திரை மூன்றானது.
"குணமாகாதும்மா" என்றார் என் முகத்தைப் பார்த்தே.
மூன்று வருஷத்தில்
என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள்.

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி
"நீங்க எவ்வளவு நேரம் தூங்குறீங்க?"
எனக்கும் ஒரு சீட்டு:
பிரகாசி, அறுபத்து நாலு.
நர்ஸ் சகாயம் குவைத்துக்குப் போன் போட்டு
நாற்பது நிமிஷம் பேசினாள்.
என்ன பேசினாளோ, மார்கழியில்
ஒரு மாசம் ராத்திரிக் காவலுக்கு வருகிறான்.

"படகு வித்த கதை இனி வேண்டாம்.
அவர் கேக்குறது டோக்கன் இல்ல.
போகாமப் படுத்திருந்தாத் தப்பான்னு கேக்குறார்.
கடலுக்குப் போக வேண்டாத நாளை
உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?"

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏத்திட்டாங்கன்னு சொல்வோம்.
அது பொய்யில்லையா டாக்டர்?
பேனாவை மூடித் திறந்தார்.
"எனக்கும் சங்கடந்தான்.
இருந்தாலும் சொல்லிப் பாருங்க."

சொன்னேன்.
துடைத்து வைத்த வானம், அத்தனை நட்சத்திரம்.
ஜன்னலில் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.
"கூண்டு ஏத்துனா போகக்கூடாது"
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

எல்லா ராத்திரிக்கும் கூண்டு செல்லாது.
சில ராத்திரி தட்டு பறக்கும்.
அப்போது மண்டபத்து ஜெயக்கொடிக்குப் போன் போடுவேன்,
அவள் மாமியாருக்கும் தூக்கம் கிடையாது.

ஐப்பசியில் ஒரு நாள்
அவர் நனைத்த விரிப்பை வாளியில் அலசியபடி
சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.
வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை.
"யாரு வீட்டுப் பிள்ளம்மா நீ?
கூண்டு ஏத்தியிருக்காங்க.
இன்னைக்கு யாரும் போக வேண்டாம், படு."

வாளி அப்படியே இருந்தது.
சோப்புக் கையோடு படுத்தேன்.