எடை தாங்கும் பக்கம்

ஹகாதா துறைமுகத்தில்
பதினாறு வருஷம் கடலடியில் பற்றவைத்தவன் நான்.
ஒரு பிப்ரவரியில் காற்றுக்குழாய் சிக்கிக்கொள்ள
நிற்க வேண்டிய ஆழங்களில் நிற்காமல்
ஏறிவிட்டேன்.
அன்று தோள் வலித்தது. மறந்தேன்.
இடுப்பு மறக்கவில்லை.

படத்தில், தொடையெலும்பின் தலையில் ஒரு வளைகோடு.
"கோட்டுக்கு மேலே செத்துவிட்டது" என்றார் மருத்துவர் நராசாகி.
"இன்னும் உள்வாங்கவில்லை."
புதுவீட்டுத் தரையைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

முதல் வழி, துளையிடுவது.
எலும்புக்குள் அழுத்தம் குறைப்பார்களாம்.
சிரித்துவிட்டேன்.
என் தொழிலின் முதல் பாடம் அல்லவா அது.
சின்ன வெட்டு, சில வாரம் ஊன்றுகோல்.
"ஆனால் உங்களுக்குச் செத்த பகுதி பெரிது."

அடுத்தது ஒட்டு.
முழங்காலுக்குக் கீழே உள்ள ஒல்லி எலும்பை
அதன் ரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து
மேலே முட்டுக்கொடுப்பது.
முடியைவிட மெல்லிய நூலில் தையல், நாள் முழுக்க.
கொடுத்த கால் பிறகு கொஞ்சம் முனகும்.

இன்னொன்று, திருப்பி வைப்பது.
கழுத்தடியில் அறுத்து, தலையைச் சுழற்றி
உயிருள்ள பக்கத்தை எடைக்குக் காட்டித்
திருகாணி போடுவார்கள்.
விளிம்பு உடைந்த கோப்பையை விருந்தாளிக்கு நீட்டும்போது
கயோ திருப்பிப் பிடிப்பாளே, அப்படி.
ஆறு மாதம் அந்தக் காலில் எடை வைக்கக் கூடாது.

"செயற்கை மூட்டு?"
"எங்கும் போகாது. முப்பத்தேழு வயதில்
அதைக் கடைசிக்கு வையுங்கள்."
எது நல்லது என்று கேட்டேன்.
பேனாவை மூடினார், திறந்தார்.

வெளியே இவாமுரோ அம்மாள்,
லூபஸுக்கு ஸ்டீராய்டு விழுங்கி இங்கே வந்தவர்,
செருப்பைக் கழற்றிக் காட்டினார்.
இடது அடி மட்டும் ஒரு விரல்கடை தடிமன்.
"எனக்குத் திருப்பி ஒன்பது வருஷம். படி ஏறுவேன். குந்த மாட்டேன்.
பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் துளை போட்டுக்கொண்டாள்.
இரண்டே வருஷம், உலோகம் வைத்தார்கள்.
இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள்."
இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுப்பது?

வீட்டில் கயோ எதையும் கேட்கவில்லை.
குளியலறை வாசலை அளந்துகொண்டிருந்தாள்.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
இரண்டு ஊன்றுகோலும் நானும் பக்கவாட்டில்தான் போகமுடியும்.

திருப்பச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.
கடலைப் பற்றிக் கேட்டேன்.
அதற்கு வழி எதுவும் சொல்லவில்லை அவர்.

மயக்க மருந்துக்கு முன்
பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள்.
பழக்கத்தில் மீட்டரில் எண்ணினேன்.
பன்னிரண்டு. ஒன்பது.
ஆறு.
ஆறில் நின்றேன்.