அளபெடை

நவம்பரில் தார்த்து நகரம்
மூன்றரை மணிக்கே விளக்கைப் போட்டுவிடுகிறது.
நரம்பியல் பிரிவு, நான்காம் தளம்,
ஆறு வாரம், சொந்தச் செலவில்.
குறிலும் நெடிலும் போதாதென்று
அளபெடையையும் அன்றாடப் புழக்கத்தில் வைத்திருக்கும் ஊர்;
ஓர் உயிரெழுத்தை எவ்வளவு நேரம் வாயில் வைத்திருப்பதென்று தெரியாமல்
முதல் வாரம் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒன்பதாம் கட்டிலில் எந்தெல்.
பெய்ப்சி ஏரியில் வலை போட்டவர்.
இடது பொட்டுக்கு உள்ளே ஒரு குழாய் அடைத்து,
ஸ்கேனில் அந்த இடம் மட்டும்
ஈரம் ஏறிய சுவர்போல் கறுத்திருந்தது.
கை கால் பழுதில்லை.
பேச்சு நிற்கவில்லை; அதுதான் நோய்.

கண்ணை மூடுங்கள் என்றார் டாக்டர் மாரெத்.
கண்ணை விரித்து நீண்ட கதை ஒன்று ஆரம்பித்தார்.
விரலை அழுத்துங்கள் என்றார்.
கதை தொடர்ந்தது. நடுவில் தானே சிரித்தார்,
நானும் சிரித்தேன்.
மாரெத் என்னைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்:
"இதுவரை சொன்னதில் ஒரு சொல்கூடச் சொல் இல்லை."

எனக்கென்ன தெரியும்.
டாக்டர் பேசியதும் எந்தெல் பேசியதும்
செவிலி அவுனே போனில் யாரையோ திட்டியதும்
என் காதுக்கு ஒரே ஆற்றுத் தண்ணீர்.
அந்தத் தளத்திலேயே
அவரை நோயாளி என்று கேட்கத் தெரியாத ஒரே ஆள் நான்.

மாலைகளில் போய் உட்கார்ந்தேன்.
குரல் ஏறினால் புருவத்தை உயர்த்துவேன்.
இறங்கினால் ம் கொட்டுவேன்.
ஒருநாள் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்:
மீனாக இருக்கும்,
கடனாகவும் இருக்கலாம்.
"அவ்வளவா!" என்றேன், தமிழில்.
திருப்தியாகத் தலையணையில் சாய்ந்தார்.

நான்காம் வாரம் எனக்குக் காது முளைத்தது.
வெசி, தண்ணீர். லெய்ப், ரொட்டி.
தூஉல் என்றால் காற்று, இழுக்காவிட்டால் காற்றில்லை.
கடையில் பால் கேட்டேன், பாலே கிடைத்தது.

அன்று எந்தெல் தொடங்கியதும்
என்னையறியாமல் அவர் வாக்கியத்துக்குள் இறங்கித்
தண்ணீரைத் தேடினேன். ரொட்டியைத் தேடினேன்.
அசைகள் இருந்தன, அடுக்கி வைத்தாற்போல,
ஓர் அளபெடைகூடப் பிசகவில்லை.
வீட்டில் ஆளில்லை.

என் ம் தாமதமானது.
நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை
தட்டைத் தொட்டு, தெளிவாக, "கல" என்றார்.
கல! மீன்!
காலணி வழுக்கத் தாழ்வாரத்தில் ஓடி
மாரெத்தை இழுத்து வந்தேன்.
தட்டில் ஓட்ஸ் கஞ்சி.
பரவாயில்லை, சொல் ஒன்று வந்திருக்கிறது,
பொருள்தான் வழி தவறிவிட்டது என்று குறித்துக்கொண்டார்.
மகள் ஹெல்யே மறுநாள்
புகையூட்டிய மீனைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
அதற்கு அவர் வேறேதோ பெயர் சொன்னார்.
சொல்லிவிட்டு முள்ளை நீக்கிச் சாப்பிட்டார்,
ஒரு முள் தப்பவில்லை.

என் பதிவேட்டில் கையெழுத்தாகிவிட்டது.
தொடர்புத் திறன்: நன்று.

பேருந்து நிலையத்தில் தாலினுக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.
பதினான்கு வேற்றுமையில் எதைப் போட்டேனோ,
கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண்
தலையைக் கொஞ்சம் சாய்த்து, பொறுமையாகச் சிரித்து
ம் என்றாள்.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
பெட்டி பெரியது என்பதைச் சொல்ல
இரண்டு கையையும் அகல விரித்தபடி
நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன்.